வந்தவன் மேல் குற்றமா?



போன மாதம் சம்பள நாளன்று, தோட்டத்து முச்சந்தியில் இருக்கும் தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் சீவி ஓய்ந்த மனிதர். அவருடைய பேரன் கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டியிருக்கிறான். அமெரிக்காவில் ஒரு கார். அதன் கண்ணாடியில் ‘உன் ஊருக்கே திரும்பிப் போ’ என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்களாம்.

“ஏன் தம்பி, அந்தக் காரு வெளிநாட்டுக்காரனோடது இல்லியாமே? அதே நாட்டுக்காரன்தானாம். வேற மாநிலத்திலேர்ந்து குடி வந்தவனாம். ஒரே நாடு, ஒரே பாஷை, ஒரே காசு. அப்புறம் என்னத்துக்கு விரட்டுறான்?”

“விரட்டத்தான் செய்கிறார்கள் ஐயா. இன்று நேற்றல்ல, 50 வருஷத்துக்கு மேலாக.”

“எதுக்கு?”

“முக்கியமாக, வீட்டு விலைக்கு.”

பெரியவர் தேநீரைக் கீழே வைத்தார். “அப்ப அது நம்ம கதை மாதிரியில்ல இருக்கு,” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த வாரம் அமெரிக்கக் கதையை எழுதுகிறேன். கடைசியில் நம் கதைக்கும் வருவேன்.

கூட்டம் ஒரு பக்கம், வெற்றிடம் ஒரு பக்கம்

அமெரிக்காவில் 50 மாநிலங்கள். எல்லாம் ஒரே மாதிரி அல்ல. மேற்குக் கரையில் இருக்கும் கலிபோர்னியாவில் 2020-ஆம் ஆண்டு குடிமதிப்பின்படி 3 கோடியே 95 லட்சம் மக்கள். அதே வருஷம் நம் மலேசியா முழுவதிலும் எடுத்த கணக்கு 3 கோடியே 24 லட்சம். அதாவது, நம் நாடு மொத்தத்தையும் விட அந்த ஒரு மாநிலத்தில் ஜனம் அதிகம்.

அதற்குக் கொஞ்சம் வடகிழக்கே ஐடஹோ என்று ஒரு மாநிலம். மலையும் காடும் உருளைக்கிழங்கு வயலுமாக இருக்கும் ஊர். பரப்பளவு நம் தீபகற்பத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். மக்களோ 2020-இல் 18 லட்சத்து 39 ஆயிரம் பேர்தான். நம் சிலாங்கூரில் மட்டும் அந்த வருஷம் ஏறத்தாழ 70 லட்சம் பேர் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் 2010-இல் அதே ஐடஹோவில் இருந்தவர்கள் 15 லட்சத்து 67 ஆயிரம். பத்து வருஷத்தில் நூற்றுக்குப் பதினேழு கூடிவிட்டது. பிறந்த குழந்தைகளும் அதில் உண்டு. ஆனால் பெரும் பங்கு குடி வந்தவர்கள். அவர்களில் கலிபோர்னியாக்காரர்கள் நிறைய. 2020-இல் கொரோனா வந்து, அலுவலகத்தில் வேலை செய்தவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஆனதும் இந்த ஓட்டம் இன்னும் வேகம் பிடித்தது.

ஏன் போகிறார்கள்? கணக்கு எளிது. 2021-இல் கலிபோர்னியாவில் நடுத்தரமான ஒரு வீட்டின் விலை 8 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. அதை விற்றுவிட்டு ஐடஹோவின் தலைநகரமான போய்சிக்குப் போனால், 5 லட்சத்துக்குச் சற்று மேல் கொடுத்து நல்ல வீடு வாங்கலாம். மீதிப் பணம் கையில். அப்படி வருகிறவனுக்கு அந்த 5 லட்சம் மலிவு. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு?

ஏழேகால் டாலர் கூலி

இங்கேதான் உள்ளூர்க்காரனின் குறையை நியாயமாகக் கேட்க வேண்டும். ‘வந்தவனைக் கண்டு பொறாமை’ என்று சொல்லித் தள்ளிவிடக் கூடாது.

ஐடஹோவில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஏழேகால் டாலர். அது 2009-இல் மத்திய அரசு வைத்த கூலி. 2022-லும் அதே கூலிதான். அதே 2022-இல் கலிபோர்னியாவில் பெரிய நிறுவனங்கள் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி 15 டாலர். இரண்டு மடங்குக்கும் மேல்.

ஏழேகால் டாலர் வாங்குகிறவன் வாரம் 40 மணி நேரம், வருஷம் 52 வாரமும் லீவு போடாமல் உழைத்தால் 15,080 டாலர் கிடைக்கும். சாப்பிடாமல், துணி வாங்காமல், அத்தனையையும் சேர்த்து வைத்தாலும் 5 லட்சம் டாலர் வீட்டுக்கு 33 வருஷம் ஆகும். எல்லாரும் அந்தக் கூலிதான் வாங்குகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு இரட்டிப்பாக வாங்குகிறவனுக்கும் பதினாறு, பதினேழு வருஷம் பட்டினி!

ஆகவே அந்த ஊர்த் தொழிலாளியின் வயிற்றெரிச்சல் பொய் அல்ல. அப்பா வாங்கிய மாதிரி வீடு மகனால் வாங்க முடியவில்லை. வாடகை ஏறுகிறது. பக்கத்தில் மொண்டானா என்ற மாநிலத்தில் போஸ்மன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே வேலைக்குப் போய் வருகிறவர்களிலேயே சிலர், வாடகை கட்ட முடியாமல், படுக்கை வைத்த வண்டிகளைச் சாலையோரம் நிறுத்திக் குடியிருந்தார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் அந்தக் கோபம் யார் மேல் பாய்ந்தது என்பதுதான் கேள்வி. தெருவில் கண்ணுக்குத் தெரிவது கலிபோர்னியா நம்பர் பிளேட்டு போட்ட கார். அதன் மேல் பாய்ந்தது. 2019-இல் போய்சி மேயர் தேர்தலில் ஒருவர், கலிபோர்னியாக்காரன் படையெடுப்பை நிறுத்துவேன் என்று சொல்லியே ஓட்டுக் கேட்டார். ஜெயிக்கவில்லை. ஆனால் அப்படிச் சொன்னால் நாலு பேர் கை தட்டுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு பயமும் இருந்தது. வருகிறவன் தன் ஊர் அரசியலையும் கொண்டுவந்து நம் ஊரைக் கெடுத்துவிடுவான் என்ற பயம். ஐடஹோ குடியரசுக் கட்சியின் கோட்டை. கலிபோர்னியா ஜனநாயகக் கட்சியின் கோட்டை. பிறகு மாநில அரசு வாக்காளர் பதிவு விவரத்தை வெளியிட்டபோது, குடி வந்தவர்களில் பெரும்பாலோர் குடியரசுக் கட்சிக்காரர்களாகவே பதிந்திருந்தது தெரிந்தது. தன் கருத்துக்கு ஒத்த ஊர் என்று தேடித்தான் பலர் வந்திருக்கிறார்கள். பயந்தது ஒன்று, வந்தது ஒன்று!

விற்றவன் யார்? சட்டம் செய்தவன் யார்?

கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கலிபோர்னியாக்காரன் வாங்கினான் என்றால் ஒருவன் விற்றிருக்க வேண்டும் அல்லவா? விற்றவன் உள்ளூர்க்காரன். வயலை வீட்டுமனைக்குக் கொடுத்தவனும், வாடகையைக் கூட்டியவனும் பெரும்பாலும் உள்ளூர்க்காரன்தான். விலை ஏறியபோது அவர்கள் யாரும் கார் கண்ணாடியில் எழுதிக்கொண்டு திரியவில்லை.

கூலி ஏழேகாலிலேயே நின்றது யாரால்? மத்திய அரசு கூட்டவில்லை, மாநிலமும் கூட்டவில்லை. போய்சி மாதிரி ஒரு நகரம் ‘எங்கள் ஊரில் விலைவாசி ஏறிவிட்டது, நாங்களாவது கூலியைக் கூட்டிக்கொள்கிறோம்’ என்று கேட்டால்? அதற்கும் வழியில்லை. நகரங்கள் தனியாகக் குறைந்தபட்சக் கூலி வைக்கக் கூடாது என்று 2016-இல் ஐடஹோ மாநிலச் சட்டமன்றமே சட்டம் போட்டுவிட்டது. நகராட்சி வாடகைக்கு வரம்பு கட்டவும் மாநிலச் சட்டம் இடம் தரவில்லை. இந்தச் சட்டங்களைக் கலிபோர்னியாக்காரன் லோரியில் ஏற்றிக்கொண்டு வரவில்லை. உள்ளூர் ஓட்டு வாங்கி, உள்ளூர் சட்டமன்றத்தில் உட்கார்ந்தவர்கள் செய்தது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். வந்தவனால் விலை ஏறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பணத்தோடு ஆள் வந்தால் விலை ஏறும். ஆனால் ஏறிய விலையைத் தாங்க முடியாதபடி உள்ளூர்த் தொழிலாளியின் கையைக் கட்டிப் போட்டது வேறு ஆள்.

மச்சானை அழைத்து வந்த குற்றம்

இன்றைக்கு ‘வராதே’ என்ற பேச்சைக் கேட்கும் அதே கலிபோர்னியா, ஒரு காலத்தில் தன் வாசலில் போலீஸைக் காவல் நிறுத்தியது என்றால் நம்புவீர்களா?

1930-களில் அமெரிக்காவில் பெரும் பஞ்சம், வேலையில்லாத் திண்டாட்டம். அத்தோடு ஒக்லஹோமா, டெக்சஸ், அர்க்கன்சா பக்கம் மழை பொய்த்து, மண்ணெல்லாம் புழுதியாகப் பறந்தது. குத்தகை விவசாயிகள் பழைய கார்களில் பாயும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டார்கள். பருத்தி பொறுக்கினார்கள், பழம் பறித்தார்கள். ஆள் அதிகமாக வந்ததும் பண்ணை முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள். கூலி குறைந்ததும் பழி யார் மேல் விழுந்தது? வந்தவன் மேல்! ‘ஓக்கி’ என்று கேவலமாகப் பெயர் வைத்தார்கள். ஜான் ஸ்டெய்ன்பெக் 1939-இல் எழுதிய புகழ்பெற்ற நாவல் அந்த மக்களைப் பற்றியதுதான்.

1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் போலீஸ் தலைவர் 136 போலீஸ்காரர்களை மாநில எல்லைகளுக்கே அனுப்பினார். கையில் காசில்லாமல் வருகிறவனைத் திருப்பி அனுப்பு என்று உத்தரவு. ஒரு நகரத்துப் போலீஸ், மாநில எல்லையில் போய், சொந்த நாட்டுக்காரனை ‘உள்ளே வராதே’ என்று தடுத்தது. சில வாரங்கள் இது நடந்தது.

அதோடு கலிபோர்னியாவில் ஒரு சட்டமும் இருந்தது. வெளி மாநில ஏழையை உள்ளே கூட்டி வருவது குற்றம்! 1939 டிசம்பரில் மேரிஸ்வில் என்ற ஊரிலிருந்து எட்வர்ட்ஸ் என்பவர் டெக்சஸுக்குப் போய், வேலையில்லாமல் இருந்த தன் மனைவியின் சகோதரரைக் காரில் அழைத்து வந்தார். நம் முறையில் சொன்னால் மச்சான். புறப்படும்போது மச்சான் கையில் இருந்தது சுமார் 20 டாலர். வந்து சேரும்போது அதுவும் காலி. அவரைக் கூட்டி வந்த குற்றத்துக்கு எட்வர்ட்ஸுக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்து நிறுத்தி வைத்தார்கள்.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1941 நவம்பரில் நீதிபதிகள் எல்லாரும் ஒருமித்துத் தீர்ப்புச் சொன்னார்கள்: அந்தச் சட்டம் செல்லாது, தன் கஷ்டத்தைத் தள்ளி வைக்க ஒரு மாநிலம் வாசலை அடைக்க முடியாது, ஏழையாக இருப்பதை ஒழுக்கக்கேடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றிலிருந்து அமெரிக்காவில் ஏழை என்பதற்காக எந்த மாநிலமும் இன்னொரு மாநிலத்தானைத் தடுக்க முடியாது. ஆகவேதான் ‘போ’ என்று கண்ணாடியில் எழுத முடிகிறது. சட்டமாக எழுத முடிவதில்லை.

‘வந்து பார், தங்காதே’

கலிபோர்னியாவுக்கு வடக்கே ஒரிகன் மாநிலம். 1967 முதல் 1975 வரை அதன் ஆளுநராக இருந்தவர் டாம் மெக்கால். 1971-இல் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் அவர், எங்கள் மாநிலத்தைச் சுற்றிப் பார்க்க எத்தனை முறை வேண்டுமானாலும் வாருங்கள், ஆனால் தயவுசெய்து குடியிருக்க மட்டும் வராதீர்கள் என்ற கருத்தில் பேசிவிட்டார். நாடே அதைப் பற்றிப் பேசியது. கலிபோர்னியாக்காரன் வந்து ஒரிகனைக் கெடுக்காதே என்று கார்களின் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மெக்காலே ஒரிகனில் பிறந்தவர் அல்ல. அவர் பிறந்தது நாட்டின் மறுகோடியில், மாசசூசெட்ஸில்! சிறு வயதில் ஒரிகனுக்குக் கொண்டுவரப்பட்டவர். இது அவர் ஒருவர் கதையல்ல. கிழக்கே வெர்மாண்ட் என்ற மலை மாநிலத்தில் குடி வந்தவனைச் ‘சமவெளிக்காரன்’ என்று கேலி பேசுவார்கள். அந்த மாநிலத்தின் பேர் பெற்ற அரசியல்வாதி பெர்னி சாண்டர்ஸ் பிறந்தது நியூயார்க்கின் புரூக்ளினில்; 1968-இல் வெர்மாண்டுக்குக் குடி போனவர்.

மெக்காலின் பேச்சினால் ஒரு ஆள்கூட நிற்கவில்லை. 1970-இல் சுமார் 21 லட்சமாக இருந்த ஒரிகன் மக்கள் தொகை 1980-இல் 26 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் அவர் பேச்சோடு நிற்காமல் 1973-இல் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அது ஆளைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்த சட்டம். ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கோட்டுக்கு உள்ளே வீடு கட்டலாம். வெளியே வயலும் காடும் வயலாகவும் காடாகவும் இருக்க வேண்டும். வந்தவன், இருந்தவன் என்ற பேதம் அதில் இல்லை. விவசாய நிலம் நிறையத் தப்பித்தது.

அதனால் எல்லாம் நேராகிவிட்டதா? இல்லை. கோட்டுக்குள் வீட்டு விலை அங்கேயும் ஏறியது. அதனால் 2019-இல் இன்னும் இரண்டு காரியம் செய்தார்கள். ஒரு மனையில் ஒரே வீடுதான் என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தி, நடுத்தர நகரங்களிலும் ஒரே மனையில் இரட்டை வீடு கட்டலாம் என்றார்கள். வருஷா வருஷம் வாடகையை இஷ்டப்படி ஏற்றக் கூடாது என்று பெரும்பாலான பழைய வாடகை வீடுகளுக்கு மாநிலம் முழுவதும் உச்ச வரம்பு வைத்தார்கள். மொண்டானாவும் 2023-இல் நகரங்களில் கூடுதல் வீடு கட்ட வழிவிட்டுச் சட்டம் செய்தது. இவையெல்லாம் முழு மருந்து அல்ல; ஆனாலும் நோய் இருக்கிற இடத்தில் கை வைத்தார்கள்.

முதலில் இருந்தவன்

“அப்ப உண்மையான உள்ளூர்க்காரன் யாரு தம்பி?” என்று பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி.

நாம் பார்த்த ஒரிகன், ஐடஹோ, இரண்டிலும் பல தலைமுறையாக வாழ்ந்தவர்கள் நெஸ் பெர்ஸ் என்ற செவ்விந்திய மக்கள். 1877-இல் ஒரிகனின் வல்லோவா பள்ளத்தாக்கை விட்டு வெளியேறச் சொல்லி அமெரிக்க ராணுவம் அவர்களை நெருக்கியது. தலைவர் ஜோசப்பும் மற்றத் தலைவர்களும் பெண்டு பிள்ளைகளோடு ஆயிரம் மைலுக்கு மேல் தப்பி ஓடி, கடைசியில் அவர்களில் பலர் மொண்டானாவில் கனடா எல்லையை நெருங்கும்போது பிடிபட்டார்கள். இன்றைக்கு ‘நான் இந்த மண்ணின் மைந்தன், நீ நேற்று வந்தவன்’ என்று காரில் எழுதுகிறவனின் பாட்டன், அந்த நிலத்துக்கு வந்தவன்தான். யார் முதலில் வந்தது என்று கேட்டுக்கொண்டே போனால், கேட்கிறவனுக்கே இடம் இருக்காது.

நம் கதைக்கு வருவோம்

நம் நாட்டிலும் மாநில வாசல் உண்டு. 1963-இல் மலேசியா அமைந்தபோது சபாவுக்கும் சரவாக்குக்கும் குடிநுழைவு அதிகாரம் தரப்பட்டது. தீபகற்பத்திலிருந்து அங்கே வேலைக்குப் போகிற மலேசியன் அனுமதி வாங்க வேண்டும். அது அவர்கள் கேட்டு வாங்கிய பாதுகாப்பு. சரி தப்பு பேச நான் வரவில்லை. தோட்டத்துக்குள் வருவோம்.

நான் பிறந்த தோட்டம் பால்மரம் போய்ச் செம்பனையாகி, பிறகு அதுவும் போய்த் தாமானாகிவிட்டது. புது வீடுகளுக்குக் குடி வந்தவர்கள் மாரியம்மன் திருவிழாவில் உறுமி அடித்தால் ‘தூங்க முடியவில்லை’ என்று புகார் செய்தார்கள். எங்கள் ஜனங்களுக்கு ஆத்திரம். ‘நேத்து வந்தவன் நம்ம சாமியப் பேசுறானா?’ என்று சண்டைக்குப் போனோம். நானும் போனேன். அந்த ஆத்திரத்தில் ஒரு கேள்வியை நாங்கள் கேட்கவே இல்லை. தோட்டத்தை விற்றது யார்? விற்றபோது, மூன்று தலைமுறை லயத்தில் இருந்தவனுக்கு ஒரு வீடு ஒதுக்க வேண்டும் என்று யாராவது எழுதி வாங்கினோமா? தாமானில் வீடு வாங்கிய குமாஸ்தா இருபது, முப்பது வருஷக் கடனில் வாங்கியவர். தோட்டத்தை விற்றவர்கள் பணத்தை எண்ணிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்களும் குமாஸ்தாவும் வேலியோரத்தில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்!

அதே நாம் பட்டணத்துக்குப் பிழைக்கப் போனபோது என்ன நடந்தது? ‘எஸ்டேட்டுக்காரன் வந்துட்டான், இனி இந்த இடம் உருப்படாது’ என்று நம் இனத்தவரே பேசியதை எத்தனை பேர் காதாரக் கேட்டிருக்கிறீர்கள்!

இன்றைக்குத் தோட்டத்தில் இந்தோனேசியத் தொழிலாளி இருக்கிறான், வங்காளதேசத் தொழிலாளி இருக்கிறான். அவன் வேறு மாநிலத்திலிருந்து வந்தவன் அல்ல, வேறு நாடு. அது வேறு சட்டம். ஆனால் பேச்சு அதே பேச்சு: ‘அவன் வந்ததாலதான் நமக்குச் சம்பளம் ஏறல.’ கலிபோர்னியாவில் ஓக்கியைப் பார்த்துச் சொன்னதும் இதுதானே? 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று வந்தது. அந்தச் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சேர்த்துத்தான். ஒரு முதலாளி அவனுக்குப் பிடித்துக்கொண்டு குறைத்துக் கொடுத்தால், நாளைக்கு நம் பிள்ளை வேலை கேட்டுப் போகும்போது ‘உன்னை விட மலிவாக ஆள் இருக்கிறது’ என்ற பதில்தான் வரும். ஆகவே அவன் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பது அவனுக்குச் செய்யும் தர்மம் மட்டும் அல்ல. நம் கூலிக்கு நாமே போடும் வேலி.

தோட்டப்புறத்து அன்பர்களே! உங்கள் வட்டாரத்தில் ஒரு தோட்டம் விற்கப்படப் போகிறது என்று காதில் விழுந்தால், புதிதாக யார் குடி வருவான் என்று விசாரிப்பதற்கு முன்னால் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். லயத்தில் இருப்பவர்களுக்கு வீடு எங்கே? அதன் விலை நம் சம்பளத்துக்குத் தாங்குமா? கோயிலுக்கும் பள்ளிக்கும் நிலம் தனிப் பட்டாவில் இருக்கிறதா? சங்கத்தின் மூலம் நிர்வாகத்திடம் கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். விற்பதற்கு முன்னால் கேளுங்கள். விற்ற பிறகு கேட்டால் வேலியோரச் சண்டைதான் மிஞ்சும்.

தேநீர்க் கடைப் பெரியவர் எழுந்து போகும்போது பேரனிடம் சொன்னார்: “அந்தக் காருக்காரன் பாவம்டா. எழுதினவனும் பாவம்தான். ரெண்டு பேரையும் மோதவிட்டவன் எந்தப் படத்துலயும் இல்ல, பாத்தியா?”

அதற்கு மேல் நான் என்ன எழுத?